பள்ளியில் ஆபத்து தெரிந்தால் மனுவை யாருக்கு எழுதுவது?

சுவர் விரிசல், மூடியில்லாத கழிவுநீர்த் தொட்டி, தரை ஓட்டையான வேன் என்று உங்கள் பிள்ளையின் பள்ளியில் எதைப் பார்த்தாலும் சரி, "இந்தப் பள்ளியில் பாதுகாப்பு இல்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் மனு எழுதாதீர்கள். அப்படி எழுதிய மனு ஒரு மேசையிலும் நிற்காது. தமிழ்நாட்டில் பள்ளிப் பாதுகாப்பு முழுவதற்கும் பொறுப்பான தனி அலுவலகம் கிடையாது. கட்டட உரிமம் தருபவர் வட்டாட்சியர். தீயணைப்புச் சான்று தீயணைப்புத் துறையிடம். கழிப்பறையும் குடிநீரும் சுகாதாரத் துறையிடம். வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அங்கீகாரம் மட்டும் கல்வித் துறையிடம். பொதுவாக எழுதிய மனுவைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் பக்கத்து அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் எழுதுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

சட்டம் போதாமல் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் தீயை ஒட்டிய வழக்கில்தான் 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. 2012இல் சென்னையை அடுத்து ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து இறந்த பிறகு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. வரலாறு இவ்வளவு போதும். இவை ஏட்டில் இருந்தும் 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள்.

தனியார் பள்ளி என்றால் நான்கு காகிதங்கள்

தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கவும் புதுப்பிக்கவும் நான்கு சான்றுகள் கேட்பார்கள்: கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. நான்கிலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார், தேதி இருக்கும், காலாவதி நாளும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கையெழுத்தும் தேதியும்தான்.

பள்ளியில் கேட்டால் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார்கள். சிலர் கோப்பைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். சான்று கையில் கிடைத்தால் முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அது சான்றா, விண்ணப்பித்த ரசீதா? "புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம்" என்பது சான்று ஆகாது. ரசீதைக் காட்டியே பள்ளி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, அந்தச் சான்று எந்தக் கட்டடத்துக்குக் கொடுத்தது? இதில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறோம். நான் பார்த்த ஒரு பள்ளியின் சான்றில் தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் இருந்தன. யு.கே.ஜி. பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கொட்டகையில். மேலே ஏற இரண்டு படிக்கட்டு. அதில் ஒன்றின் வாசலில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி, கதவுக்குப் பூட்டும் போட்டிருந்தார்கள். சான்றைப் பொறுத்தவரை அந்தக் கொட்டகையே கிடையாது. பிள்ளைகளோ அதற்குள்தான் இருந்தார்கள்.

ஆகவே பள்ளியிடம் கெஞ்சாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்துக்கு ஒரு மனு, கட்டட உரிமத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "தனியார் பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நீங்கள் பள்ளியிடம் கேட்கவில்லை, அரசு அலுவலகக் கோப்பில் இருக்கும் நகலைக் கேட்கிறீர்கள். தனியார் நிறுவனம் பற்றி அரசு அலுவலகம் சட்டப்படி பெறக்கூடிய விவரமும் "தகவல்" என்று அந்தச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவே சொல்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். கேள்வியாகக் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "இந்தப் பள்ளிக்கு வழங்கிய கட்டட உரிமத்தின் நகல், கடைசியாக ஆய்வு செய்த அலுவலரின் பெயர், பதவி, ஆய்வு அறிக்கையின் நகல்" என்று பொருளாகக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். அந்த உரிமையும் உண்டு. "எங்கள் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லை" என்ற பதில் சட்டப்படி செல்லாது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை (பிரிவு 6(3)). 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்த நாள்களைத் தவறவிட்டுத்தான் நிறைய பேர் தோற்கிறார்கள். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் அலைச்சல் வேறு மாதிரி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த ஒரு தாய், ஜன்னலுக்கு மேலே கம்பி தெரியுமளவுக்குக் காரை பெயர்ந்திருப்பதைத் தலைமையாசிரியரிடம் சொன்னார். "மேலே எழுதிவிட்டேன்மா" என்றார் அவர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் "கட்டடம் ஒன்றியத்துடையது, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்குப் போங்க" என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில் "ஸ்கூல்லேர்ந்து லெட்டர் வரட்டும், அப்புறம் இன்ஜினியர் வருவார்" என்றார்கள். லெட்டர் ஏற்கெனவே அதே கட்டடத்தின் இன்னோர் அறையில் கிடந்தது. இதற்கிடையில் பள்ளியில் வெள்ளையடித்தார்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போனது, கட்டடம் அப்படியேதான் இருந்தது.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடத்தின் பொறுப்பு உண்மையில் ஒன்றியத்துடையதுதான். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளியென்றால் அந்தந்த உள்ளாட்சி அமைப்புடையது. ஆனால் ஒரு தாய்க்கு இதையெல்லாம் யாரும் முதல் நாளே சொல்வதில்லை. வெள்ளையடிப்பதற்கு முன்பே விரிசலைப் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் அன்றைய நாளிதழை வைத்து எடுத்தால் தேதியைப் பற்றிப் பேச்சே எழாது. மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் போடுங்கள். கேட்பதை ஒன்றாகச் சுருக்குங்கள்: "பொறியாளர் நேரில் ஆய்வு செய்து, இந்த அறை பயன்படுத்தத் தகுந்ததா இல்லையா என எழுத்தில் தர வேண்டும்." தகுதியில்லை என்று எழுதிவிட்டு யாரும் பிள்ளைகளை அந்த அறையில் உட்கார வைக்கத் துணிய மாட்டார்கள். தகுதி உண்டு என்று பொய்யாக எழுதவும் பயப்படுவார்கள்.

கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: மாற்று இடம். அதைக் கேட்காமல் விட்டால் அறையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை மரத்தடிக்கும் கோயில் மண்டபத்துக்கும் அனுப்பிவிடுவார்கள். பிறகு "உங்களால்தான் பள்ளிக்கூடம் போச்சு" என்று ஊரே உங்கள் மேல் திரும்பும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தின் தீர்மான நோட்டில் இதை எழுத வையுங்கள். கிராம சபையிலும் தீர்மானமாகப் போடுங்கள். தனி மனுவைவிடத் தீர்மானத்தைக் கிடப்பில் போடுவது கடினம்.

"எங்களுக்குப் பொருந்தாது" என்பவர்கள்

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை, அதாவது எட்டாம் வகுப்புவரைதான். எல்.கே.ஜி. பிள்ளைக்கோ பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கோ அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி மனுப் போட்டால் தள்ளிவிடுவார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது எல்.கே.ஜி. குழந்தைதான். சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டு "எங்களை யாரும் கேட்க முடியாது" என்று பேசும் நிர்வாகங்கள் உண்டு. கேட்க முடியும். பொதுக் கட்டட உரிமச் சட்டமும் தீயணைப்பு விதிகளும் மோட்டார் வாகன விதிகளும் பள்ளியை நடத்துவது யார் என்று பார்ப்பதில்லை. அதனால்தான் சான்றைப் பிடித்துப் போகச் சொல்கிறேன்.

சி.பி.எஸ்.இ. பள்ளி பற்றி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் "அது டெல்லி போர்டு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். டெல்லியிலிருந்து யாரும் வந்து தீயணைப்புச் சான்று கொடுப்பதில்லை. கட்டட உரிமமும் தீயணைப்புச் சான்றும் உள்ளூர் அலுவலகங்கள் தந்தவைதான். அவற்றைக் கொடுத்தவரிடமே போய்க் கேளுங்கள்.

வண்டி

பள்ளி வாகனங்களை ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில், மே மாதத்தையொட்டி, போக்குவரத்து, காவல், கல்வித் துறையினர் ஒரு மைதானத்தில் நிறுத்திக் கூட்டாய்வு செய்கிறார்கள். அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, தரைப் பலகை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஜூனில் அந்த வண்டி எப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்பது நீங்கள்தான். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தகுதிச் சான்றும் காப்பீடும் எந்த நாள்வரை இருக்கின்றன என்று தெரியும். உதவியாளர் இல்லாமல் பேருந்து வந்தால் தேதி, நேரம், வண்டி எண்ணுடன் எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குக் கொடுங்கள்.

பெரிய கண்ணி பெற்றோரே சேர்ந்து பேசி வைக்கும் வேனில்தான் இருக்கிறது. விபத்து நடந்தால் "அது எங்கள் வண்டி இல்லை" என்று பள்ளி கைவிரித்துவிடும். சொந்த உபயோகத்துக்கான, வெள்ளை எண் பலகை வைத்த வண்டியைக் காசு வாங்கி ஓட்டியிருந்தால், அதையே காரணம் காட்டி இழப்பீடு தராமல் இழுத்தடிக்கக் காப்பீட்டு நிறுவனம் முயலும். மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் என்று பார்க்காதீர்கள், எண் பலகையின் நிறத்தைப் பாருங்கள்.

மனு கொடுத்த பிறகு

எந்த மனுவானாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலென்றால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்த்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் சரி, முதல்வரின் உதவி மைய எண் 1100இல் சொன்னாலும் சரி, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கல்விக்கென்று 14417 என்ற உதவி எண் இருக்கிறது. மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் முடிவும் தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் அரசாணை எண் 99 சொல்கிறது. பெரும்பாலும் வருவது "தங்கள் மனு மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரு வரிதான். சில நேரம் அது மேலேயிருந்து கீழே கீழே இறங்கி, நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவரிடமே விசாரணைக்கு வந்து நிற்கும். அவர் "குறை ஏதுமில்லை" என்று எழுதுவார், மனு முடிந்ததாகிவிடும். அந்தப் பதில் வந்த அன்றே, விசாரணை அறிக்கையின் நகலைத் தகவல் உரிமையில் கேளுங்கள். கூடவே தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் படங்களுடன் எழுதுங்கள்.

பிள்ளையை வகுப்பில் பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானது. தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து, வெவ்வேறு வகுப்புக்காரர்களாகப் பார்த்துப் போடுங்கள். "டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்று மிரட்டினால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது, மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16, 17 பிரிவுகள் சொல்கின்றன.

விபத்து நடந்துவிட்டால் முதலில் மருத்துவமனை, உடனே காவல் நிலையம். உயிருக்கு ஆபத்தாக அலட்சியமாக நடந்துகொள்வதே இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் குற்றம். புகாரை வாங்கிக்கொண்டு வெறுங்கையாக அனுப்பினால் மனு ஏற்பு ரசீதாவது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அன்று மாலையே பள்ளித் தரப்பிலிருந்து யாராவது மருத்துவமனைக்கு வருவார், செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்பார், ஒரு தாளை நீட்டுவார். செலவைக் கட்டட்டும். தாளில், அது வெற்றுத்தாளாக இருந்தாலும் "நாங்கள் பேசி முடித்துக்கொண்டோம்" என்று எழுதியதாக இருந்தாலும், கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டில் யாரையும் போட விடவும் வேண்டாம்.