ஒரே எண், இரண்டு வாய்: காம்போ போர்ட் எதைக் காக்கும்?

கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் பல நெட்வொர்க் சுவிட்ச்களின் முகப்பில், வலது ஓரத்தில், 23, 24 போன்ற எண்கள் இரண்டு இடங்களில் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று காப்பர் கேபிளுக்கான ஆர்ஜே-45 வாய். மற்றது, ஃபைபர் (ஒளியிழை) கேபிளை இணைப்பதற்கான சிறு மாட்யூலைச் செருகும் எஸ்எஃப்பி வாய். பார்வைக்கு நான்காகத் தெரிந்தாலும் அங்கே இருப்பவை இரண்டு போர்ட்களே; இவையே காம்போ போர்ட்கள். உள்ளே இருக்கும் சிப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே பாதைதான் உண்டு. அதைக் காப்பரும் ஃபைபரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது. இரண்டையும் இணைத்துவைத்தாலும் லூப் (தரவு முடிவின்றிச் சுற்றிவருவது) உண்டாகாததற்குக் காரணம் இதுவே.

இரண்டிலும் இணைப்பு கிடைத்தால் பெரும்பாலான சுவிட்ச்கள் ஃபைபரையே தேர்ந்தெடுக்கும். அது அறுந்தால் காப்பர் பொறுப்பேற்கும். ஆனால் சில மாடல்களில், ஃபைபர் கேபிளே இல்லாமல் மாட்யூலை மட்டும் செருகினாலும் காப்பர் வாய் அணைந்துவிடும். நான் பராமரித்த ஓரிடத்தில், உதிரி மாட்யூல் தொலைந்துவிடக் கூடாதே என்று ஒருவர் அதைக் காலியாக இருந்த வாயில் செருகிவைத்திருந்தார். அதே எண்ணுக்குரிய காப்பர் விளக்கு அணைந்தது. கேபிளை மாற்றினோம், முனையைப் புதிதாகக் கிரிம்ப் செய்தோம், அரை நாள் கழித்தே மாட்யூலைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது.

இந்த ஏற்பாடு கேபிள், மாட்யூல் ஆகியவற்றில் வரும் பழுதுக்கு மட்டுமே மாற்று. சுவிட்ச்சின் மின்வழங்கியோ சிப்போ கெட்டால் இரண்டு வாய்களும் சேர்ந்தே போகும். இரண்டு கேபிள்களும் ஒரே குழாயில் சென்றால் ஒரு கடப்பாரை இரண்டையும் அறுத்துவிடும். காப்பருக்கு 100 மீட்டர் எல்லையும் உண்டு. அதற்குள் அடங்கினாலும், இரு கட்டடங்களுக்கு இடையே காப்பரை மாற்று வழியாக இழுப்பதை நான் ஏற்பதில்லை. மின்னல் தாக்கும்போது எழும் மின்னெழுச்சியும், கட்டடங்களின் எர்த்துகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடும் அந்தக் கம்பி வழியாகவே சுவிட்ச்சுக்குள் வரும். உண்மையான மாற்று தேவையென்றால் வேறு எண்ணுள்ள போர்ட்டையும், முடிந்தால் வேறு சுவிட்ச்சையும், தனிப் பாதையையும் ஒதுக்குங்கள்.

மாறும் நேரத்தையும் அளந்து பாருங்கள். சுவிட்ச்சின் கணக்கில் இது இணைப்பு அறுந்து மீண்டும் வருவதுதான். ஆகவே லூப்பைத் தடுக்கும் நெறிமுறையான ஸ்பானிங் ட்ரீயின் பழைய வடிவம் இயங்கினால் 15 விநாடி கவனிப்பு, 15 விநாடி கற்றல் என 30 விநாடிகள் தரவு நிற்கக்கூடும். ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ இதை வெகுவாகக் குறைக்கும். பிங் (மறுமுனையிடம் திரும்பத் திரும்பப் பதில் கேட்கும் கட்டளை) ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைபரைப் பிடுங்கி, எத்தனை பதில்கள் தவறுகின்றன என்று எண்ணுங்கள். அடுத்து, ஃபைபரின் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனைகளும் இணைப்பைத் தாமாகவே பேசி முடிவுசெய்யும் வசதி) அணைக்கப்பட்டிருந்தால் ஒரு முனை இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும், காப்பருக்கு மாறவும் மாறாது. கழற்றியதைத் திரும்பச் செருகும்போதும் ஒரு சிறு தடை வரும், ஏனெனில் முன்னுரிமையுள்ள ஃபைபருக்கே சுவிட்ச் மீண்டும் தாவும். கனெக்டரில் அழுக்கு படிந்து இணைப்பு வந்து வந்து போனால், ஒவ்வொரு தாவலிலும் இதே தடை. அப்போது, சுவிட்ச் அனுமதித்தால், மீடியாவை, அதாவது காப்பரா ஃபைபரா என்ற தேர்வை, கட்டளை மூலம் காப்பரில் நிலைநிறுத்திவிட்டே ஃபைபரைத் துடைக்கத் தொடங்குவேன்.