பட்டி நாய்க்குப் போடாமல் விட்ட இரண்டாவது ஊசி

நாய்க்கு என்ன தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள் என்று மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரேபிஸ் ஊசி போட்டாச்சு டாக்டர்." நல்ல விஷயம். குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்ட மாவட்டம் இது; வெறிநாய்க்கடியைப் பற்றி இங்கே நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் நாயைக் கொல்லும் வைரஸ்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று நுரையீரலையும் மூளையையும் தாக்கும் டிஸ்டெம்பர், மற்றது குடலைத் தாக்கும் பார்வோ. இவற்றுக்கும் சேர்த்து ஊசி போட்ட பட்டி நாயைப் பார்ப்பது அபூர்வம். முகாமில் இலவசமாகப் போடுவது ரேபிஸ் ஊசி மட்டுமே. இந்த இரண்டுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியைக் கைக்காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டுக்குள் வளர்க்கும் லாப்ரடாருக்கு வாங்குவார்கள். பட்டி நாய்க்கு யார் வாங்குவார்கள்? ஆனால் காட்டுக்குள் போய்வருவது லாப்ரடார் இல்லையே.

இந்த ஊர்கள் இருக்கும் சீகூர் பீடபூமியில் மாட்டுப் பட்டி எப்படி நடக்கிறது என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். பாலைவிடச் சாணத்துக்காக வைத்திருக்கும் மாடுகளே அதிகம். எரு காபி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும். காலையில் மாடு மேய்ச்சலுக்குக் கிளம்பினால் கூடவே நாலைந்து நாய்கள் ஓடும். முட்புதர், ஓடைக்கரை, யானைத்தடம் எல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும். இதே தடங்களில்தான் செந்நாய்க் கூட்டமும் நடக்கிறது. செந்நாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: தடங்கள் சந்திக்கும் இடத்தில் கூட்டமாக எச்சமிடும். அடுத்து வருகிறவை அதை முகர்ந்து பார்த்து, தங்கள் பங்கையும் வைத்துவிட்டுப் போகும். கூட்டங்களுக்கு இடையே அது ஒருவகைத் தகவல் பரிமாற்றம். பட்டி நாயும் அதே இடத்தில் முகரும், கால் தூக்கும், கழிக்கும். பார்வோ வைரஸ் நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. நிழலான மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. டிஸ்டெம்பர் அவ்வளவு கெட்டியான வைரஸ் இல்லை, வெயிலும் சோப்புத் தண்ணீரும் பட்டால் செத்துவிடும். ஆனால் இருமல், எச்சில், மூக்குச்சளி வழியாக வேகமாகத் தொற்றும்.

இதனால் என்ன ஆகும் என்பதை உலகத்திலேயே நீண்டகாலம் நடக்கும் ஓநாய் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்று ஒரு தீவு. அங்கே 1958 முதல் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் எண்ணி வருகிறார்கள். 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. இரண்டே வருடத்தில் அது 14 ஆனது. யாரும் அவற்றை வேட்டையாடவில்லை. வந்தது பார்வோ. 1978 வாக்கில் உலகம் முழுக்க வளர்ப்பு நாய்களிடம் புதிதாகப் பரவிய அதே வைரஸ். தீவுக்குள் நாய் கொண்டுவரவே தடை இருந்தும் நோய் வந்து சேர்ந்துவிட்டது. ஓநாய் குறைந்த பிறகு மூஸ் பெருகியது, பெருகிய மூஸ் தீவின் இளமரங்களைத் தின்று தீர்த்தது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995-இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே 1999, 2005, 2008 என மூன்று வருடங்களில் டிஸ்டெம்பர் அடித்தது. பெரிய ஓநாய்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. அந்த வருடக் குட்டிகள் கொத்துக்கொத்தாகப் போயின. நம் நாட்டில், சோலாப்பூர் பக்கம் நன்னஜ் புல்வெளியைச் சுற்றியுள்ள கிராம நாய்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, பத்தில் சுமார் ஒன்பது நாய்களுக்கு இந்த இரண்டு வைரஸ்களும் ஏற்கெனவே தொற்றியிருந்தது தெரிந்தது. ஓநாயும் குள்ளநரியும் வாழும் நிலம் அது. கிர் காட்டில் 2018-இல் சிங்கங்கள் இறந்தபோதும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் அகப்பட்டது.

சரி, ஓநாய்க் கதை நமக்கு எதற்கு? நீலகிரியில் அந்த இடத்தில் இருப்பது செந்நாய். செந்நாய் வேறு பேரினம் என்பதால் ஊர்நாயோடு கலந்து குட்டி போடாது. புனே அருகே ஓநாய்க்கு வந்திருக்கும் கலப்பினச் சிக்கல் இதற்கு இல்லை. வைரஸுக்கு இந்தப் பேரின வித்தியாசமெல்லாம் கிடையாது.

செந்நாயின் குடும்ப வாழ்க்கையே தொற்றுக்கு வசதியானது. இதைக் கூர்ந்து பார்த்து எழுதியவர்களில் ஒருவர் நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், 1970-களின் பிற்பகுதியில் மோயாற்றுக்கு அந்தப் பக்கம் பந்திப்பூரில் தங்கி ஆய்வு செய்தார். கூட்டத்தில் பொதுவாக ஒரு பெட்டைதான் குட்டி போடும், பனிக்காலத்தில். மற்றவை வேட்டைக்குப் போய், தின்ற இறைச்சியைக் குகை வாசலில் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும். குட்டிகள் பெரியவற்றின் வாயை நக்கி நக்கிக் கேட்கும். ஒரு செந்நாய்க்கு நோய் வந்தால் அந்த வருடக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் அது வாய்வழியே போய்விடும். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஈற்று என்பதால், அது போனால் அடுத்த பனிக்காலம்வரை ஈடு கிடையாது. உலகம் முழுக்க இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான் என்று 2015-இல் மதிப்பிட்டார்கள்.

"அப்போ செந்நாய்க்கே ஊசி போட்டுவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. நாய்க்கான டிஸ்டெம்பர் ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். வளர்ப்பு நாய்க்கு அது பாதுகாப்பானது. ஆனால் கூண்டில் வளர்ந்த ஆப்பிரிக்கக் காட்டுநாய், சிவப்புப் பாண்டா போன்றவற்றுக்கு ஊசியே நோயாகி அவை இறந்திருக்கின்றன.

நாய்க்கு ஊசி போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் 1994-இல் டிஸ்டெம்பரால் சுமார் ஆயிரம் சிங்கங்கள் செத்தபின், சுற்றுவட்டார நாய்களுக்கு வருடக்கணக்கில் ஊசி போட்டார்கள். நாய்களிடம் நோய் குறைந்தது, சிங்கங்களிடம் வைரஸ் முழுதாக மறையவில்லை. மற்ற காட்டு விலங்குகளிலும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் நம் கைக்கு எட்டுவது பட்டி நாய்தான்.

நடைமுறைக்கு வருவோம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டு ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. ஒரு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். சீம்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் சேர்த்து அழித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், தனியாக. அடுத்த வருடம் இரண்டையும் மறுபடி.

மருந்து குளிர் கெடாமல் வர வேண்டும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வெறும் கவரில் சட்டைப்பையில் வந்த கூட்டு ஊசியைப் போடுவதும் ஒன்று, போடாததும் ஒன்று. ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். பட்டி நாய் எங்களிடம் பிடிகொடுக்காது, மேய்ப்பவர்தான் பிடித்துத் தர வேண்டும். தலையில் ஒரு சாக்கைப் போட்டு, காதுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, மாட்டை அதட்டும் அதே குரலில் அவர் ஒரு அதட்டு அதட்டினால் போதும். அரை நிமிட வேலை.

கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, இருமல், பிறகு வாய் மெல்லுவது மாதிரி வலிப்பு, கால் துடிப்பு. இது டிஸ்டெம்பராக இருக்கலாம், ரேபிஸாகவும் இருக்கலாம். கிட்டே போகாமல், தொடாமல், டாக்டரைக் கூப்பிடுங்கள். செத்த நாயை ஓடையிலோ காட்டோரத்திலோ வீசாமல் ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பார்வோ வந்த இடத்தை வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பயனில்லை, பிளீச்சிங் பவுடர் வேண்டும்.

அப்புறம் இன்னொரு சங்கதி. ஆடு செத்தால் உடனே பழி செந்நாய் மேல் விழுகிறது. ஐந்தாறு ஆடு குதறப்பட்டுத் தின்னப்படாமல் கிடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஊர்நாய்களைத்தான். செந்நாய் அடித்தால் நிமிடங்களில் தின்று முடிக்கும். எதுவானாலும் மிச்சத்தில் விஷம் வைக்காதீர்கள். அவலாஞ்சி பக்கம் 2023-இல் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் இறந்தன. புலி தனியாகத் தின்னும். செந்நாய் என்றால் கூட்டமே ஒரே பந்தியில் உட்காரும். சடலத்தை நகர்த்தாமல் வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கி இழப்பீடு கேளுங்கள்.

செந்நாய் தள்ளாடி நடந்தாலோ, ஆளைக் கண்டும் விலகாமல் நின்றாலோ, செத்துக் கிடந்தாலோ கிட்டே போகாமல், நாய்களையும் விடாமல், அன்றைக்கே வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள். எந்த வைரஸ் என்று கண்டுபிடிக்க மூளை, நுரையீரல், குடல் மாதிரிகள் வேண்டும். மறுநாள் வெயிலில் அழுகிப் போனால் அவற்றை எடுத்தும் பிரயோஜனம் இருக்காது.