எங்கட கிணறு பாடத்துக்குள் வரவேண்டுமென்றால் கடிதம் எங்கே போகவேண்டும்?

சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதை யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். 2019 இல் உயர் நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தண்ணீரை மாசுபடுத்தியவர் யார், குடித்தவர் யார் என்பதையும் சேர்த்து வகுப்பில் படிப்பிக்கவேண்டும் என்று சில மாணவர்கள் எழுதிய கடிதம், ஒரு பல்கலைக்கழகக் கந்தோரில் இரண்டு வருடம் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுதிய பிள்ளைகள் பட்டமும் பெற்றுப் போய்விட்டார்கள். கடிதத்தை எவரும் நிராகரிக்கவில்லை. எந்தக் கூட்டத்துக்கும் அது போகவே இல்லை.

அவர்கள் அதைத் துணைவேந்தருக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து பதிவாளருக்கு, பிறகு பீடாதிபதிக்கு, பிறகு ஒரு கோவைக்குள். பாட மாற்றம் துறையில் தொடங்கி, பீடச் சபைக்குப் போய், பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவையில் முடிவாகும். ஆகவே கடிதத்தைத் துறைத்தலைவருக்கு எழுதி, பீடாதிபதிக்குப் பிரதி வையுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள். "வைச்சிட்டுப் போங்கோ, பார்ப்பம்" என்றால், அன்றைக்கே பதிவுத் தபாலில் இன்னொன்று போடுங்கள்.

புதிய பட்டநெறி கேட்கவேண்டாம். அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வரை போகவேண்டும். உங்கள் காலத்தில் முடியாது. "கிரெடிட்டுக்கு இடமில்லை" என்ற பதிலும் நிச்சயம் வரும். சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று இலங்கைத் தகைமைகள் சட்டகம் சொல்வதால், அந்தப் பதிலில் ஓரளவு நியாயமும் உண்டு. ஏற்கெனவே இருக்கிற கட்டாயப் பாடத்தில் எந்தப் பகுதியைச் சுருக்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். விருப்பப் பாடமாகத் தருகிறோம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: புள்ளி சராசரியில் சேருமா? எத்தனை பேர் பதிந்தால் நடத்துவீர்கள்? சேராத பாடத்தை ஆட்கள் எடுப்பதில்லை. பிறகு "மாணவருக்கு ஆர்வமில்லை" என்று அதை மூடிவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி, பீடச் சபையில் மாணவர் தெரிவுசெய்யும் இருவருக்கு இடமுண்டு. பல்கலைக்கழக ஊழியரல்லாத மூன்று வெளியாட்களும் இருப்பார்கள். அந்த இருவர் யாரென்று இன்றைக்கே விசாரியுங்கள். தேர்தல் நடக்காமல் இடம் வெறுமையாகக் கிடந்தால், முதலில் அதைத்தான் கேட்கவேண்டும். விடயம் நிகழ்ச்சி நிரலில் தனி இலக்கத்தோடு வரவேண்டும். "வேறு விடயங்கள்" என்பதற்குள் போனால், நேரம் முடிந்ததென்று எழும்பிவிடுவார்கள்.

பதிலே இல்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். "ஏன் ஏற்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், மழுப்பலாக ஒரு வரி வரும். "இன்ன திகதிக் கடிதம் எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது, அந்தக் கூட்ட அறிக்கையின் பிரதி தேவை" என்று ஆவணத்தைக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தால், காரணம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. படிவம் இல்லையென்று திருப்பி அனுப்பவும் முடியாது, சாதாரணக் கடிதமே போதும். கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு தரவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அதன்பிறகுதான் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இடையில் ஒரு படியைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்புவார்கள், நாட்களும் போய்விடும்.

இதையெல்லாம் இறுதி வருடத்தில் தொடங்காதீர்கள். இரண்டாம் வருடத்திலேயே தொடங்குங்கள். கடிதத்தில் முதலாம் வருடத்துப் பிள்ளைகள் இரண்டு பேரின் கையொப்பமும் இருக்கட்டும், முத்திரை குத்திய பிரதி அவர்களிடமே இருக்கட்டும்.