முள் இறங்கினால் என்ஜின் ஆறிவிட்டது என்று நம்பாதீர்கள்

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி தன் டீசல் காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பியிருக்கிறார். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவதிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு மெல்ல ஏறியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முள் தானாக இறங்கியது. "எறங்கிருச்சேன்னு நம்பி ஓட்டிட்டேங்கண்ணா" என்றார். பதினான்காவது வளைவில் என்ஜின் நின்றுவிட்டது.

முள் ஏன் இறங்கியது? சென்சார், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டைத்தான் அளக்கிறது. கூலன்ட் கொதித்து வெளியேறிவிட்டால் சென்சாரின் முனை வெறும் காற்றில் நிற்கும். முள் படுத்துவிடும். உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும்.

சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி, அதன் அடிப்பரப்பில் நேர்க்கோலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினேன். நடுவில் தடையில்லாமல் நுழைந்தது. ஹெட் வளைந்து, இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கருகியிருந்தது. மூன்றாவது சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. பெட்ரோல் என்ஜினைவிட டீசலில் கம்ப்ரஷன் அதிகம்; உள்ளே வரும் காற்றை ஏறக்குறைய 16-ல் ஒரு பங்கு முதல் 18-ல் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கேஸ்கெட் அது. பில் லட்சத்தைத் தாண்டியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இது அவர் செய்த தப்பு மட்டுமில்லை. ரேடியேட்டரில் கூலன்ட்டே இல்லை, செம்மண் நிறத்தில் துருத்தண்ணீர்தான் இருந்தது. நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பு, ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்திருந்தது. என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டால் சமவெளியில் முள் ஏறாது; ஊருக்குள் ஐந்து ரோடு பக்கம் ஓட்டிக் காட்டினால் வண்டி தங்கம் மாதிரி தெரியும். மலைதான் காட்டிக் கொடுக்கும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது ரேடியேட்டர் மூடி. இவர் வண்டியில் அந்த மூடியின் ரப்பர் வெடித்துக் கிடந்தது.

முள் ஏறினால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். அதுவரை ஹீட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள். கொஞ்சம் சூட்டை அது இழுக்கும். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். குழந்தைகள் அழுதாலும் சரி, ரூம் புக்கிங் போனாலும் சரி, தண்ணீர் குறைந்திருந்தால் அதே வண்டியில் மேலே ஏறாதீர்கள்.

வாங்கப் போகும்போது கிலோமீட்டரை நம்ப வேண்டாம், அதைக் குறைப்பது சுலபம். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முதலில் பானெட்டுக்குள் கை வைத்து, என்ஜின் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட்டின் நிறத்தைப் பாருங்கள், ஆயிலில் தண்ணீர் கலந்து ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரிப் படிந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்தில், சூடாவதற்கு முன்பே அது கல் மாதிரி இறுகினால் கேஸ்கெட் கசிகிறது. அதையும் தாண்டிவிட்டால், அடிவாரத்திலிருந்து நான்கைந்து வளைவு ஏற்றிப் பாருங்கள். "நீங்க வர்றீங்கன்னு அப்பவே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டேங்க" என்று விற்பவர் சொன்னால், நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.