மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்?

மொட்டைமாடியில் ஒரு சின்ன ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் கேபிள், சிக்னலைப் பிடிக்கும் யுஎஸ்பி டிவி டாங்கிள், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. விமானங்களை நேரலையில் காட்டும் ஃபிளைட்ராடார்24, ஃபிளைட்அவேர் தளங்களின் வரைபடங்களில் நகரும் விமானங்களில் பெரும்பகுதி இப்படித் தன்னார்வலர்கள் வீட்டில் வைத்திருக்கும் ரிசீவர்கள் தரும் தகவல்தான். ரிசீவரை இணைத்தவருக்கு ஒரு புள்ளிவிவரப் பக்கமும் கிடைக்கும்: இன்று எத்தனை விமானம், எவ்வளவு தூரம், தரவரிசையில் எத்தனையாவது இடம். அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால், எதற்குச் சந்தோஷப்படலாம், எதற்கு வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

விமானத்தில் இருக்கும் ஏடிஎஸ்-பி கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இருப்பிடத்தை வினாடிக்குச் சுமார் 2 முறை அறிவிக்கிறது. ஒரு செய்தி 112 பிட். அதைச் சொல்லி முடிக்க 120 மைக்ரோ வினாடி போதும். ஒவ்வொரு செய்தியிலும் அந்த விமானத்துக்கே உரிய 24 பிட் முகவரி இருக்கும். ‘எத்தனை விமானம்’ என்பது இந்த முகவரிகளின் எண்ணிக்கை. ஒரே விமானம் காலையில் போய் மாலையில் திரும்பினாலும் அன்றைய கணக்கில் 1தான்.

‘எத்தனை இருப்பிடம்’ என்ற கணக்கு வேறு மாதிரி. அரை மணி நேரம் கண்ணில் படும் ஒரு விமானம் 3,600 முறை தன் இடத்தைச் சொல்லியிருக்கும். அத்தனையையும் சர்வருக்கு அனுப்பினால் இணையம் வீணாகும் என்பதால், நேராகப் பறக்கும் விமானத்துக்குக் குறைவாகவும், திரும்பும் விமானத்துக்கு அதிகமாகவும் மென்பொருள் சலித்து அனுப்பலாம். அதனால் ஆன்டெனா கேட்டதும் கணக்கில் ஏறியதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அப்புறம், சர்வரின் நாள் யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி ஓடினால் நம் ஊரில் காலை 5.30 மணிக்குத்தான் எண்கள் பூஜ்யத்துக்குத் திரும்பும். புதிதாகச் சேர்ந்தவர்கள் விடியற்காலையில் பதறுவது இதனால்தான்.

தூரத்துக்கு வருவோம். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைந்திருப்பதால் ஓர் எல்லைக்கு மேல் கேட்காது. மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்குச் சுமார் 425 கி.மீ.; 10 மீட்டர் உயர ஆன்டெனா அதில் சேர்ப்பது வெறும் 13 கி.மீ. கம்பத்தை நான்கு மடங்கு உயர்த்தினாலும் இன்னொரு 13தான் கூடும். ஆனால் அரை மீட்டர் உயர்த்தியதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டால், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று காட்டும் திசைவாரி வரைபடத்தில் கடித்து எடுத்ததுபோல் இருந்த பள்ளம் அப்படியே நிரம்பிவிடும். அந்தப் படத்தைப் பார்ப்பதில் எனக்குத் தனி ஆனந்தம்.

அதிகபட்ச தூரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவது ஆபத்து. ஒரு பிட் தவறாகத் திருத்தப்பட்டால் விமானம் பொய்யான இடத்தில் போய் நிற்கும். வெப்பமான கடலோரங்களில் காற்றடுக்குகள் சிக்னலை வளைத்து, எல்லை தாண்டியும் கொண்டுவரும். அன்றைய சாதனை வானிலையுடையது.

சிக்னலை ரிசீவர் எவ்வளவு பெருக்குகிறது என்ற கெயின் விஷயமும் இப்படித்தான். அதைக் கூட்டினால் தொலைதூர விமானம் கேட்கும். பக்கத்தில் தாழப் பறப்பதன் வலுவான சிக்னல் ரிசீவரைத் திணறடிக்கும். தூரம் கூடி, செய்திகளின் எண்ணிக்கை குறையும். எந்த எண்ணுக்கு மதிப்பெண் என்பதைப் பொறுத்து அதே பெட்டி மேலேயும் போகும், கீழேயும் வரும்.

எம்லாட் கணக்கு உங்கள் கையிலேயே இல்லை. இடம் சொல்லாத விமானத்தின் ஒரே சிக்னல் பல ரிசீவர்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. பொதுவாகக் குறைந்தது நான்கு ரிசீவர்கள் வேண்டும். நேரத்தில் 1 மைக்ரோ வினாடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். சுற்றிலும் யாரும் இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல ஆன்டெனா இருந்தாலும் பூஜ்யம்தான்.

ஆக, பொதுத் தரவரிசை அளப்பதில் பாதி உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்தை. விமானங்கள் மொய்க்கும் ஃபிராங்க்ஃபர்ட் அருகே சுமாரான ஆன்டெனா வைத்தவர், தீவில் அருமையான ஆன்டெனா வைத்தவரைச் சுலபமாக முந்துவார். பக்கத்து ரிசீவர் கேட்ட விமானங்களில் எத்தனை சதவீதம் நமக்கும் கேட்டது என்று பார்ப்பதே ஆன்டெனாவுக்கான நேர்மையான சோதனை. வேறு யாருக்குமே கேட்காத இருப்பிடங்கள் எத்தனை என்பதற்கும் தனி மதிப்பெண் வேண்டும் என்பேன். கவரேஜ் இல்லாத இடங்களுக்கு ஃபிளைட்ராடார்24 ரிசீவரை இலவசமாகவே அனுப்பிவைக்கிறது. ஒரு நாளைக்கு நாலே விமானம் பார்க்கும் அந்தப் பெட்டி பட்டியலின் அடியில் கிடக்கும், அந்த நான்கும் வரைபடத்தில் தெரிவது அதனால் மட்டும்தான்.