பற்சீரமைப்பியல்: நேரா, சீரா?

யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல வெட்டி வரிசையாகக் குத்தி வைப்பது வழக்கம். பல்வரிசை மீது நமக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அந்த வரிசையைத் திருத்தும் மருத்துவத் துறையின் பெயரைக் கேட்டால், "பல்லுக்குக் கம்பி கட்டுறது" என்ற விடைதான் வருகிறது.

கம்பி என்பது கருவி. அது துறைக்குப் பெயராகாது. மேலும், நம் பேச்சில் "பல் கட்டுவது" என்றால் பொய்ப்பல் வைப்பது. இரண்டிலும் "கட்டு" நிற்பதால் பெற்றோர் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்புவதைக் கண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இத்துறை ஓர்தொடொன்டிக்ஸ். கிரேக்க மொழியில் "ஓர்தோஸ்" நேரானது, சரியானது. "ஓதொந்த்" பல்லைக் குறிக்கும் அடி. 1841 இல் லெஃபூலோன் என்ற பிரெஞ்சுக்காரர் இவ்விரண்டையும் இணைத்துத் தம் மொழியில் ஒரு சொல்லை ஆக்கினார். ஆங்கிலச் சொல் அந்த வழியில் வந்தது. கிரேக்க அடிக்கும் வடமொழித் "தந்த"வுக்கும் மூலம் ஒன்றே. தமிழுக்கு வந்த தந்தம் இன்று பெரும்பாலும் யானையோடு நின்றுவிட்டது. மனிதருக்குப் பல் இருக்கிறது, எயிறு இருக்கிறது. வள்ளுவர் காதலியின் பல்லை "வாலெயிறு" என்கிறார்.

"ஓர்தோஸ்" நேர் என்பதால் "பல்நேராக்கல்" என்று மொழிபெயர்க்கலாமா? எனக்கு அது போதாது. பற்கள் நேர்கோட்டில் நிற்பவை அல்ல, வளைவில் நிற்பவை. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899 இல் கடிப்புக் குறைகளை, அதாவது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சரியாகப் பொருந்தாத நிலைகளை, மூன்று வகையாகப் பிரித்தபோது முன்பற்களின் அழகை அளவுகோலாகக் கொள்ளவில்லை. மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல் கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லோடு எப்படிப் பொருந்துகிறது என்றே பார்த்தார். பொருத்தமே இத்துறையின் உயிர். அதைச் சொல்லத் தமிழில் "சீர்" இருக்கிறது: ஒழுங்கு, அழகு, அளவு மூன்றும் அதற்குள் அடக்கம். யாப்பிலும் ஒரு சீர் அடுத்த சீரோடு தளையால் இணைந்தால்தான் அடி உருவாகும். பல்லும் அப்படியே, எதிர்ப்பல்லோடு இணைய வேண்டும்.

பற்சீரமைப்பியல் என்ற சொல்லில் "அமைப்பு" என்ற பகுதியும் வீணல்ல. கம்பி பல்லை இழுத்து நிறுத்துவதில்லை. மெல்லிய விசை தொடர்ந்து பட, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. பல் நகர, அதன் வீடும் கூடவே மாறி அமைகிறது. அதனால்தான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் செல்கின்றன. கம்பியைக் கழற்றிய பின்னும் பல் திரும்பிப் போகாதபடி தட்டு அணியச் சொல்வதும் இதனாலேயே. கம்பி கழன்ற அன்றே எல்லாம் முடிந்தது என்று தட்டை அலுமாரியில் வைத்துவிடும் பிள்ளைகளுக்கு இதை யாராவது தமிழில் விளக்கியிருக்க வேண்டும்.

ஆகவே துறைக்குப் பற்சீரமைப்பியல்; சிகிச்சைக்குப் பற்சீரமைப்பு. பல்மருத்துவப் பட்டத்துக்குப் பின் இதில் மேற்படிப்பு முடித்தவர், நம் நாட்டு வழக்கில், பற்சீரமைப்பு வைத்திய நிபுணர். சொத்தை அடைப்பவரும் பல் பிடுங்குபவரும் பல் வைத்தியர்.

புணர்ச்சியையும் கவனிக்க வேண்டும். பல் + சீரமைப்பு பற்சீரமைப்பு ஆகும், பற்பசை, பற்சொத்தை போல. அதே விதிப்படி பல் + மருத்துவம் "பன்மருத்துவம்" ஆக வேண்டும்; அப்படி எழுதினால் பல வகை மருத்துவம் என்றே படிப்பார்கள். அங்கே புணர்க்காமல் விடுவதே நல்ல தமிழ்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, தமிழிலேயே பாடநூல்களும் வெளியிட்டார். அந்த மண்ணில் பல் வைத்தியரின் அறிவிப்புப் பலகையில் இந்தச் சொல் ஏறுவது கடினமான காரியமல்ல. தெற்றுப்பல், மிதப்புப்பல் என்று நோயாளி தன் குறையைத் தன் சொல்லில் சொல்லட்டும். சிகிச்சைத் துண்டில் பற்சீரமைப்பு என்று எழுதிக் கொடுங்கள்.