வியூ ஃபில்டர்: வடிப்பானா, தெரிப்பானா?

ரெவிட் மாதிரியான கட்டட மாதிரியாக்க மென்பொருளில் வேலை செய்பவர்கள் வாயில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது வந்துவிடும் சொல் ஃபில்டர். தமிழில் வடிகட்டி அல்லது வடிப்பான் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். தளப்படம் போன்ற ஒரு காட்சியில் (வியூ) எதை எப்படிக் காட்டுவது என்று அமைக்க உதவும் வியூ ஃபில்டருக்கு அது சரியாகப் பொருந்துகிறதா?

மூலச்சொல் இடைக்கால லத்தீனின் ஃபில்ட்ரம். கம்பளி மயிரை அழுத்திச் செய்த கெட்டித் துணியைக் குறித்த ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் துணியில் ஊற்றித்தான் திரவங்களைத் தெளிய வைத்தார்கள். துணியின் பெயரே கருவிக்கும் அப்புறம் செயலுக்கும் ஆகிவிட்டது. நம் 'வடி'யும் நீர் இறங்குவதைச் சொல்லும் வினை, ஆக நீருக்கு வடிகட்டி என்பதில் குறையே கிடையாது.

ஆனால் வியூ ஃபில்டர் எதையும் வடித்து வெளியேற்றுவதில்லை. எந்த வகைப் பொருள்கள், அவற்றில் எந்தப் பண்பு, அந்தப் பண்பின் மதிப்பு என்னவாக இருக்க வேண்டும் என்று விதி எழுதுகிறோம், விதிக்குப் பொருந்துபவற்றை மென்பொருள் பொறுக்கி எடுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பொறுக்கியதை மறைப்பதா, நிறம் மாற்றுவதா, மங்கலாக்குவதா என்பதை ஒவ்வொரு காட்சியிலும் நாம்தான் தனியாகச் சொல்கிறோம். அப்படி மறைத்த உத்தரமும் கட்டட மாதிரியில் அப்படியேதான் இருக்கும், அட்டவணையில் எண்ணிக்கையிலும் வரும். வடிகட்டி என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் குழப்பம்: ஃபில்டர் போட்டால் பொருள் போய்விடும் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

நன்னூலில் மாணாக்கர் வகை சொல்லும் சூத்திரம் நினைவுக்கு வருகிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் தலை மாணாக்கன், நெய்யைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்து வைக்கும் நெய்யரி கடை மாணாக்கன். பிரிப்பது இரண்டுக்கும் பொது. எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் இரண்டும் வேறாகின்றன. வியூ ஃபில்டரிலும் பிரிப்பது ஒரு படி, பிரித்ததை என்ன செய்வது என்பது இன்னொரு படி.

அதனால் நான் 'தெரி'யைத் தேர்ந்தெடுப்பேன். இந்த வினைக்குக் கண்ணுக்குப் புலப்படுவது என்றும் பொருள் உண்டு, தேர்ந்தெடுப்பது என்றும் பொருள் உண்டு. தெரிவு, தெரிந்தெடு எல்லாம் இதிலிருந்து வந்தவைதான். பொறுக்குவது, பொறுக்கியதைக் காட்டுவது என்ற இரண்டு படியும் ஒரே வேரில் இருக்கும்போது அதை விட மனம் வரவில்லை. வியூ ஃபில்டர் காட்சித் தெரிப்பான், விதி எழுதிச் செய்வது விதிவழித் தெரிப்பான். வடிப்பான் ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல், அதை எழுதுபவர்களைத் தவறென்று சொல்லமாட்டேன்.

ஒரு எடுத்துக்காட்டு. 120 நிமிடம் தீயைத் தாங்கும் சுவர்களைச் சிவப்பாகக் காட்ட வேண்டும். ரெவிட்டில் வி, வி என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் திறக்கும் பெட்டியில் ஃபில்டர்ஸ் பக்கம் போய்ப் புதிதாக ஒன்று உருவாக்கி, வகையில் சுவரை டிக் செய்து, தீத்தாங்கு அளவு சமம் 120 என்று விதி கொடுத்து, காட்சியில் சேர்த்து, சிவப்பைக் கொடுங்கள். பாதிச் சுவர்தான் சிவந்ததா? அந்தப் பண்பு எண் அல்ல, வெறும் எழுத்து. ஒருவர் 120 என்றும் இன்னொருவர் 2 மணி என்றும் நிரப்பியிருந்தால் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு. ஒரே சுவர் இரண்டு தெரிப்பான்களில் மாட்டி, இரண்டும் வேறு வேறு நிறம் கேட்டால், பட்டியலில் மேலே இருப்பதன் நிறம்தான் நிற்கும்.

இன்னொரு இடத்தில் தமிழே நம்மைத் தடுமாற வைக்கும். ரெவிட் 2019 முதல் விதிகளை 'மற்றும்', 'அல்லது' என்று அடுக்கடுக்காகச் சேர்க்கலாம். "60 நிமிடச் சுவரும் 120 நிமிடச் சுவரும் வேண்டும்" என்றுதான் நம் வாயில் வரும், கையும் உடனே 'மற்றும்' பக்கம் போய்விடும். ஒரு சுவரும் சிக்காது, ஏனென்றால் ஒரே சுவர் 60 ஆகவும் 120 ஆகவும் இருக்க முடியாதே. அங்கே கொடுக்க வேண்டியது 'அல்லது'. இந்த இரண்டையும் 'எல்லாம் பொருந்தினால்', 'ஏதாவது ஒன்று பொருந்தினால்' என்று தமிழில் எழுதிவிட்டால், நம் பேச்சின் 'உம்' வந்து இடையில் புகுந்து குழப்பாது.